இரண்டு விரல் இறக்கம்

என் அக்காவின் கணவர் யார் வீட்டுக்குப் போனாலும் சட்டென்று உட்கார மாட்டார். முதலில் நாற்காலியை உள்ளங்கையால் அழுத்திப் பார்ப்பார். நடுவில் ஒரு தடவை, இடது ஓரத்தில் ஒரு தடவை, வலது ஓரத்தில் ஒரு தடவை. மூன்று இடமும் ஒரே மாதிரி எழும்பி வந்தால் உட்காருவார். வராவிட்டால் நின்றபடியே டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார். அவருக்கு மரியாதை தெரியாது என்று எங்கள் சொந்தக்காரர்களில் பாதிப் பேர் நினைக்கிறார்கள். மீதிப் பாதி வீடுகளில் நாற்காலி நன்றாக இருக்கிறது.

முப்பத்து நான்கு வருஷம் பஸ் டிப்போவில் சீட் தைத்தவர். ஊரில் குஷன்காரர் என்றால்தான் அவரைத் தெரியும், நான் குஷன் மாமா என்பேன். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல இருப்பார். டிப்போவில் தைத்து முடித்த ஒவ்வொரு சீட்டின் மேலும் ஒரு பலகையைப் போட்டு, அதன் மேல் ரசமட்டம் வைத்துப் பார்ப்பார்களாம். குமிழி நடுவில் நிற்காவிட்டால் சீட் திரும்பி வந்துவிடும். மாமா தைத்ததில் மூன்றே மூன்று சீட்டுகள் அப்படித் திரும்பி வந்திருக்கின்றன. அந்த மூன்று பஸ்களின் நம்பரையும் இன்றைக்கும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். கல்யாண நாள் மட்டும் மறந்துவிடும்.

ஓய்வு பெற்ற பிறகு வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை போட்டுக்கொண்டார். உள்ளே வளைந்த ஊசிகள், ரெக்சின் சுருள்கள், வெட்டிப் போட்ட ஸ்பாஞ்சுத் துண்டுகள். வீட்டின் முன்னறையில் அக்காவின் தையல் மெஷின். அக்கா தையல்காரி. எதிரே வருகிற பெண்ணின் இடுப்பளவைத் தெருமுனையில் பார்க்கும்போதே சொல்லிவிடுவாள். அரை அங்குலம் தப்பினால் என்னைக் கேளுங்கள். பின்னாலிருந்து மாமா ஸ்டேப்ளர் அடிக்கும் சத்தமும் முன்னாலிருந்து மெஷின் சத்தமும் மாறி மாறிக் கேட்கும். இருவரும் பேசிக்கொள்வதே அப்படித்தான் என்று நான் கிண்டல் செய்வதுண்டு.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அக்கா மாடிப்படியில் துணி மூட்டையோடு உருண்டு விழுந்தாள். வலது தோள் நொறுங்கிப்போனது. ஆபரேஷன் மூன்று மணி நேரம் நடந்தது. நான் தியேட்டர் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாமா காத்திருப்போர் வரிசையில் ஒரு சீட்டைத் தடவிக்கொண்டிருந்தார். அதன் ஒரு ஓரம் அமுங்கியிருந்தது. கிழிசல் வழியாகத் தன் தோள் துண்டை மடித்து உள்ளே திணித்து அதைச் சமன் பண்ண ஆரம்பித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உள்ள அவ கிடக்கிறா. இங்க நீங்க சீட்டு ரிப்பேர் பண்றீங்களா மாமா?" என்றேன்.

நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கண் இரண்டும் சிவந்திருந்தன. மறுபடி குனிந்து திணிக்கத் தொடங்கினார். 

எலும்பு கூடியது, ஆனால் கூட வேண்டிய இடத்தில் கூடவில்லை. வலது தோள் இடதைவிட இரண்டு விரற்கடை கீழே இறங்கி நின்றுவிட்டது. முதுகும் அந்தப் பக்கமாகச் சற்றே சாய்ந்துகொண்டது. வலியெல்லாம் ஆறு மாதத்தில் போய்விட்டது. மெஷினில் பழையபடி உட்கார்ந்தாள், பழையபடி தைத்தாள். ஆனால் தோளை மூடி ஒரு சால்வை வந்தது. வெயில் கொளுத்தினாலும் அது இறங்கவில்லை. முன்னறையில் இருந்த ஆளுயரக் கண்ணாடி, தைக்கக் கொடுத்தவர்கள் வந்தால் மட்டும் திரும்பும், அவர்கள் போனதும் சுவரைப் பார்த்து நிற்கும். வெளியே எங்கும் போகமாட்டாள். ஊர் உடம்புக்கெல்லாம் அளவு தெரிந்தவள் தன் உடம்பைக் கண்கொண்டு பார்க்க மறுத்தாள். கேட்டால், "எனக்கென்ன குறைச்சல், நல்லாதானே இருக்கேன்" என்பாள். பொய் சொல்லும்போது அவளுக்குக் குரல் கொஞ்சம் உயரும்.

இந்த நிலைமையில் அவள் ஒரே மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. குட்டி என்று நாங்கள் கூப்பிடும் அவளுக்கு இருபத்தேழு வயது. வேறு ஊரில் வேலை. கூட வேலை பார்க்கிறவனையே பிடித்துக்கொண்டாள். பதிவாளர் அலுவலகத்தில் கையெழுத்து, பிறகு இருபது பேருக்குச் சாப்பாடு. அவ்வளவுதான் ஏற்பாடு. அக்கா போனில், "நான் இங்கேருந்தே வாழ்த்திடறேன்டி. அவ்வளவு தூரம் என்னால உக்காந்து வர முடியாது" என்றாள். குரல் உயர்ந்தது.

மறுவாரம் ஒரு பார்சல் வந்தது. நான் தபால் ஆபீஸில் பார்சல் கவுண்டரில் இருக்கிறேன், அதனால் என் கை வழியாகத்தான் வந்தது. பிரித்தால் பாட்டில் பச்சையில் நாலு மீட்டர் துணி. கூடவே ஒரு துண்டுக் கடிதம். "அம்மா, இதில் கவுன் தைத்துப் போட்டுக்கொண்டு நீ வர வேண்டும். சாட்சிக் கையெழுத்து நீதான் போட வேண்டும். நீ வராவிட்டால் நானும் போடப் போவதில்லை." சொன்னால் செய்கிற கழுதை அது. தாயைப் போல பிள்ளை என்று சும்மாவா சொன்னார்கள்?

அக்கா துணியைத் தடவித் தடவிப் பார்த்தாள். நல்ல துணியைத் தொட்டால் அவள் முகமே மாறிவிடும். பிறகு மடித்து வைத்தாள்.

"எனக்கு நானே எப்படி அளவெடுக்கிறது? கை தோளுக்கு மேல போகாது."

"வேற டெய்லர்கிட்ட குடு" என்றேன்.

"இன்னொருத்தி டேப்பைப் பிடிச்சுக்கிட்டு என்னைச் சுத்திச் சுத்தி வரணுமா? செத்தாலும் மாட்டேன்."

மாமா ஒரு ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தார். 

மறுநாள் என் கவுண்டர் வரிசையில் எட்டாவது ஆளாக நின்றுகொண்டிருந்தார். முறை வந்ததும், "பசைத் தாள் எத்தனை சுருள் இருந்தா ஒரு ஆளுக்குப் பத்தும்?" என்று கேட்டார்.

"எந்த ஊருக்கு அனுப்பறீங்க?" என்றேன்.

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் வாழ்நாளில் பேசிய மிக நீளமான பேச்சை அன்று என் கவுண்டரில்தான் பேசினார். பழைய டீஷர்ட்டைப் போட்டு ஆளை நிற்க வைக்க வேண்டும். பார்சலுக்கு ஒட்டுகிற அந்தப் பழுப்புத் தாளை நனைத்து நனைத்து உடம்பைச் சுற்றி ஒட்ட வேண்டும். கொஞ்சம் இறுகியதும் முதுகுப் பக்கம் வெட்டிக் கழற்றினால் உடம்பின் கூடு அப்படியே வரும். உள்ளே அடைத்து ஒரு ஸ்டாண்டில் நிறுத்திவிட்டால், அக்கா அதற்கு அளவெடுத்து, அதற்கே போட்டுப் பார்த்துத் தைத்துக்கொள்ளலாம். யாரும் அவளைத் தொட வேண்டாம். ஒரு காலத்தில் முதுகு வலிக்காரரான லாரி டிரைவர் ஒருவருக்கு இப்படித்தான் முதுகை அச்செடுத்து சீட் தைத்துக் கொடுத்தாராம். அந்த டிரைவர் லாரி மாறும்போதெல்லாம் அந்த சீட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனாராம். பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஆறு சுருள் வாங்கிக்கொண்டு போனார்.

அக்காவைச் சம்மதிக்க வைத்தது நான்தான். கெஞ்சினேன், திட்டினேன், கடைசியில் குட்டிக்குப் போன் போட்டு அக்கா காதில் வைத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டேன். திரும்பி வந்தபோது அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஒரே ஒரு தடவைதான். நீங்க ரெண்டு பேர் மட்டும். கண்ணாடி திரும்பக் கூடாது. யாரும் எதுவும் சொல்லக் கூடாது" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை முன்னறைக் கதவைச் சாத்தினோம். மாமாவின் பழைய டீஷர்ட் ஒன்றைப் போட்டுக்கொண்டு அக்கா நடுவில் நின்றாள். சால்வையை எடுத்து மெஷின் மேல் வைத்தாள். இரண்டு வருஷத்தில் அன்றுதான் அந்தத் தோளை நான் பார்த்தேன்.  பேசக் கூடாது என்று சொன்னது நல்லதாகப் போயிற்று.

மாமா தாளைத் துண்டு துண்டாகக் கிழித்து ஸ்பாஞ்சில் நனைத்துக் கொடுத்தார். ஒட்டுவது என் வேலை. மார்புக்குக் கீழே ஒரு சுற்று, இடுப்பில் ஒரு சுற்று, தோளிலிருந்து குறுக்காக, பிறகு நேராக. மூலை முடுக்கில் சுருக்கம் இல்லாமல் தாள் ஒட்டுவதில் எங்கள் ஆபீஸில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஒரு அடுக்கு முடிந்து இரண்டாவது பாதியில் அக்கா, "அட்ரஸ் எழுதிடுடி, வேற எங்கயாவது போயிடப் போறேன்" என்றாள். சிரித்துவிட்டோம். சிரித்ததில் வயிற்றுப் பக்கம் தாள் பிரிந்து, அந்த இடத்தை மறுபடி ஒட்ட வேண்டியதாயிற்று. மூன்றாவது அடுக்கில் அவளுக்குத் தலை சுற்றியது. மாமா பின்னாலிருந்து இரண்டு கையாலும் அவளைத் தாங்கிக்கொள்ள, நான் தண்ணீரைப் புகட்டினேன். பிறகு அவளுக்கு அவசரமாகப் பாத்ரூம் போக வேண்டியிருந்தது. அதைப் பற்றி எழுத எனக்கு அனுமதி இல்லை.

முடி உலர்த்தும் மெஷினால் தாளைச் சூடு காட்டினோம். வெட்டுவதற்கு முன்னால் முதுகில் மேலிருந்து கீழே ஒரு கோடு போட்டேன். அந்தக் கோட்டுக்குக் குறுக்கே ஐந்து சின்னக் கோடுகள். வெட்டிய பிறகு திரும்ப ஒட்டும்போது அந்தக் குறுக்குக் கோடுகள் ஒன்றோடொன்று சேர வேண்டும். சேர்ந்தால் உடம்பு இருந்தபடியே இருக்கும். மாமாவிடம் இதை விரல் வைத்துக் காட்டினேன். "ரெண்டு நாள் நல்லா காயட்டும், அப்புறம் உள்ள அடைங்க" என்றும் சொன்னேன். தலையை ஆட்டினார்.

ரெண்டு நாளெல்லாம் அவர் பொறுக்கவில்லை. அன்று மாலையே கொட்டகைக்குள் எடுத்துப்போய்விட்டார். மறுநாள் காலை நான் போனபோது முன்னறையில் ஒரு உருவம் நின்றது. பழைய ஃபேன் ஸ்டாண்டின் மேல் நிமிர்ந்து நின்றது. பஸ் சீட்டுக்கு உறை தைப்பதுபோல அதற்குச் சாம்பல் நிறத் துணியில் இழுத்துப் பிடித்து உறை தைத்துப் போட்டிருந்தார். ஒரு சுருக்கம் இல்லை. இடுப்பு, மார்பு எல்லாம் அக்காவேதான். தோள் இரண்டும் கோடு போட்ட மாதிரி ஒரே மட்டத்தில் இருந்தன.

எனக்கு ஏதோ உறுத்தியது. முந்தின நாள் என் கையால் தடவி ஒட்டிய தோள் எனக்குத் தெரியாதா? ஆனால் அக்கா அந்த உருவத்தைச் சுற்றிச் சுற்றி வந்தாள். முகத்தில் விளக்குப் போட்ட மாதிரி இருந்தது.

"ஏய், அவ்வளவு மோசமில்லையேடி! நான்தான் பெருசா நினைச்சுக்கிட்டிருந்தேன் போல" என்றாள்.

இரண்டு வருஷம் கழித்துச் சிரிக்கிறவளிடம் எப்படிச் சொல்வது? சொல்லவில்லை. ஒருவேளை உறையால் அப்படித் தெரிகிறதோ என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு ஆபீஸுக்குப் போய்விட்டேன். அந்தத் தப்பில் எனக்கும் பங்கு உண்டு.

பன்னிரண்டு நாள் தைத்தாள். முழுக்கை, சின்னக் காலர், முன்னால் மேலிருந்து கீழ்வரை துணியாலேயே மூடிய பொத்தான்கள். வாடிக்கைத் துணிகளையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டாள். உருவத்தின் மேல் அந்தக் கவுனைப் போட்டு நிறுத்தியபோது, துணி கொடுக்க வந்தவர்கள் வந்த வேலையை மறந்து நின்றார்கள். அக்கா போனில் குட்டியிடம், "வரேன்டி, வராம?" என்றாள். குரல் உயரவில்லை. கல்யாணத்துக்கு ஐந்து நாள் இருந்தது.

அன்று சாயங்காலம் என்னைக் கூப்பிட்டாள். கவுனைப் போட்டுக்கொண்டு, சுவரைப் பார்த்து நின்ற கண்ணாடியைத் தானே ஒற்றைக் கையால் திருப்பினாள்.

வலது பக்கம் மொத்தமும் தொங்கியது. கழுத்திலிருந்து அக்குள்வரை குறுக்கே மூன்று மடிப்பு விழுந்தது. காலர் ஒரு பக்கம் எழும்பி நின்றது. கீழே விளிம்பு வலப் பக்கம் தரையைத் தொட்டது. வேறொருத்தியின் கவுனைத் திருடிப் போட்டுக்கொண்ட மாதிரி இருந்தது. அக்கா கண்ணாடியையும் பக்கத்தில் நின்ற உருவத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். மாமா வாசற்படியில் நின்றிருந்தார்.

"இது யாரோட உடம்புங்க?" என்று கேட்டாள்.

மாமா உருவத்தைப் பார்த்தார்.

"உங்களுக்கும் பழையவதான் வேணும், இல்ல? நேரா நின்னாளே, அவ. அதுக்குத்தான் இவ்வளவும். அவளையே கூட்டிக்கிட்டுப் போங்க கல்யாணத்துக்கு. நான் வரலை."

கவுனைக் கழற்றி நாற்காலியில் எறிந்தாள். சால்வையைப் போர்த்திக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள். இனி இவளை யாராலும் அசைக்க முடியாது, குட்டியும் கையெழுத்துப் போடமாட்டாள் என்று தோன்றியது. அந்தக் கோபத்தில் மாமாவைப் பிடித்துக்கொண்டேன். "என்ன பண்ணி வச்சிருக்கீங்க?" என்று உறையின் பின்தையலைப் பிடித்து இழுத்தேன். முதுகு தெரிந்தது. நான் போட்ட ஐந்து குறுக்குக் கோடுகளில் ஒன்றுகூட மற்றதோடு சேரவில்லை. ஒவ்வொன்றும் இரண்டு விரற்கடை தள்ளி நின்றது. தாள் ஈரமாக இருக்கும்போதே வலது பக்கத்தை மேலே தூக்கி ஒட்டி, தோளுக்குள் ஸ்பாஞ்சைத் திணித்து நிமிர்த்தியிருந்தார்.

மாமா அந்தக் கோடுகளைக் குனிந்து பார்த்தார். நிஜமாகவே அப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிறவர்போலப் பார்த்தார்.

"வேணும்னு பண்ணலைம்மா" என்றார். "ஸ்டாண்டுல நிறுத்தினேன். சாஞ்சு நின்னுது. கை தானா பண்ணிடுச்சு. முப்பத்து நாலு வருஷம் பண்ணின கை."

"இதை என்கிட்ட எதுக்குச் சொல்றீங்க?"

அவர் சமையலறைக்குப் போகவில்லை. மன்னிப்புக் கேட்கிற வழக்கம் அந்த வீட்டில் யாருக்கும் கிடையாது. உருவத்தைத் தரையில் படுக்க வைத்து, கத்தியை எடுத்து, முதுகைக் கீறினார். உள்ளே கையை விட்டுத் தோளில் இருந்த ஸ்பாஞ்சைப் பிடுங்கி எறிந்தார். தாள் காய்ந்து இறுகிப்போயிருந்ததால் தோள் இறங்க மறுத்தது. வெந்நீரில் ஸ்பாஞ்சை நனைத்து ஒற்றி, தாளை இளக்கி, உள்ளங்கையால் அழுத்தினார். நிறுத்திப் பார்த்தார். மறுபடி படுக்க வைத்து அழுத்தினார். அழுத்துகிற கை ஓரளவுக்கு மேல் போகத் தயங்குவது எனக்கே தெரிந்தது.

சமையலறை வாசலில் அக்கா நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாளோ தெரியாது. மோசமான வேலையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவளால் முடியாது, அது அவள் பிறவிக் குணம்.

"அது பத்தாது" என்றாள்.

மாமா நிமிர்ந்தார்.

"இன்னும் இறக்கணும். ஒரு விரல்தான் இறக்கியிருக்கீங்க. ரெண்டு விரல்."

மாமா அழுத்தினார். அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள். பிறகு மெதுவாக நடந்து வந்து, சால்வையை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, உருவத்துக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"கையை வச்சுப் பாருங்க. பார்த்தாத்தானே தெரியும்?"

அவர் உள்ளங்கையை அவளுடைய வலது தோளில் வைத்தார். நாற்காலியை அழுத்திப் பார்ப்பாரே, அப்படி அழுத்தவில்லை, வெறுமனே வைத்திருந்தார். இரண்டு வருஷமாக அந்தக் கையை அந்த இடத்துக்கு அவள் விட்டதில்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பிறகு கையை எடுத்து உருவத்தின் தோளில் வைத்தார்.

"இன்னும்" என்றாள் அக்கா.

அழுத்தினார்.

"இன்னும் கொஞ்சம். பயப்படாதீங்க, அதுக்கு வலிக்காது."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் யாரும் பார்க்காமல் இருக்கச் சால்வையை மடிப்பதுபோலத் திரும்பிக்கொண்டேன். அவர்கள் இருவரும் என்னைக் கவனிக்கவே இல்லை.

குறுக்குக் கோடுகள் ஐந்தும் சேர்ந்த பிறகு அவள் கவுனைப் பிரிக்க உட்கார்ந்தாள். இறங்கிய தோளுக்குத் துணி அதிகமாகத்தான் இருந்தது, குறையவில்லை. அதனால் பிழைத்தாள். வலது தோளை இறக்கி வெட்டி, கையையும் காலரையும் கழற்றி மறுபடி வைத்து, விளிம்பை ஒரு பக்கம் உயர்த்தி மடித்தாள். நாலாம் நாள் கண்ணாடிமுன் நின்றாள். கவுன் அவள்மேல் சும்மா விழுந்திருந்தது. தோள் இறங்கித்தான் இருந்தது, துணி அதை ஒளிக்கவுமில்லை, காட்டிக்கொடுக்கவுமில்லை. "ம்" என்றாள். தான் தைத்ததற்கு அவள் கொடுக்கிற அதிகபட்சப் பாராட்டு அதுதான்.

பதிவாளர் அலுவலகத்தில் அன்று எங்களோடு சேர்த்து நாலு கூட்டம். குட்டி அம்மாவைக் கண்டதும் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். சால்வை எங்கே என்று கேட்கவில்லை. அவளுக்கும் கொஞ்சம் புத்தி இருக்கிறது. எழுத்தர் பெயர்களைப் படித்துவிட்டு, "சாட்சி இங்க வந்து உக்காருங்க" என்று மேஜைக்கு முன்னால் இருந்த நாற்காலியைக் காட்டினார்.

அக்கா உட்காருவதற்குள் மாமா முந்திக்கொண்டார். நடுவில் ஒரு தடவை, இடது ஓரம் ஒரு தடவை, வலது ஓரம் ஒரு தடவை அழுத்தினார். வலது ஓரம் அமுங்கியது, எழும்பவில்லை. எழுத்தர் விழித்துக்கொண்டிருக்க, மாமா மேஜை மேல் கிடந்த பழைய செய்தித்தாளை எடுத்து நாலாக மடித்து, குனிந்து உறைக்குள் திணிக்கப் போனார்.

"விடுங்க, எனக்குச் சரியா இருக்கும்" என்றாள் அக்கா.

மாமா செய்தித்தாளோடு நிமிர்ந்தார். அவள் உட்கார்ந்து, பேனாவை வாங்கி, கையெழுத்துப் போட்டாள்.